இருபது நிமிடக் கடல்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில், எழுபத்தெட்டு வயதான என் அம்மாவைத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. தம்பி காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, பாலத்தின் வழியாகப் போனால் கோவில் அடிவாரத்திலேயே இறங்கிக்கொள்ளலாம், அம்மாவின் முட்டிவலிக்கு அதுதான் நல்லது என்றான். அம்மா காரில் ஏறவில்லை. "பாலத்துல போனா பினாங்குக்குப் போன மாதிரியே இருக்காதுய்யா. எங்கள ஜெட்டியில எறக்கி விட்டுடு, நாங்க ஃபெரியிலயே போயிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, பூக்கூடையை மடியில் வைத்தபடி திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்டது பிடிவாதம் என்று தம்பி நினைத்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா சொன்ன ஜெட்டி என்பது படகுத்துறை, ஃபெரி என்பது அக்கரைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கப்பல். மலேசியாவின் பினாங்கு மாநிலம் இரண்டு துண்டுகளாக இருக்கிறது. ஒன்று ஜார்ஜ் டவுன் நகரம் அமைந்திருக்கும் தீவு, மற்றொன்று தீபகற்பத்தை ஒட்டிய பெருநிலப் பகுதியான செபராங் பிறை. 'செபராங்' என்னும் மலாய்ச் சொல்லுக்கே 'அக்கரை' என்றுதான் பொருள். 1786-இல் பிரான்சிஸ் லைட் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாக்கினார். 1800-இல் எதிரே இருந்த நிலப்பகுதியும் கம்பெனியின் கைக்கு வந்து வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர் பெற்றது. எங்கள் பக்கத்துக் கடற்கரை நகரமான பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடையே உள்ள நீரிணை ஏறக்குறைய 3 கிலோமீட்டர் அகலம்தான். கரையில் நின்றாலே எதிரே உள்ள கட்டடங்களின் சன்னல்கள் தெரியும். இத்தனை அருகில் இருக்கும் ஊருக்குப் போவதற்கு எங்கள் வீட்டில் பயணம் என்றே சொல்ல மாட்டார்கள். 'அந்தப் பக்கம் போய்ட்டு வரேன்' என்பதோடு சரி.

நான் பிறந்து வளர்ந்தது பட்டர்வொர்த்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவர்கள். ஆண்டில் ஒரே ஒரு நாள், தைப்பூசத்துக்கு முதல் நாள் மாலையில், லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் சேர்ந்து பட்டர்வொர்த் வரை லாரியில் வந்து, அங்கிருந்து ஃபெரியேறித் தண்ணீர்மலைக்குப் போவார்கள். எனக்கு ஆறு வயதாயிருந்தபோது என்னையும் முதன்முதலாக அழைத்துப் போனார்கள். அதுவரை கடலை நான் பார்த்ததில்லை. படகு என்றவுடன் தோட்டத்துக் கால்வாயில் மிதக்கும் மரக்கட்டையைப் போன்ற ஒன்றை எதிர்பார்த்த எனக்கு, மஞ்சள் நிறத்தில், இரண்டு தளங்களோடு, லாரிகளையும் கார்களையும் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு நின்ற அந்தக் கப்பலைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை. அது புறப்பட்டபோது, நாங்கள் நின்ற இடம் அசையாமல் கரைதான் எங்களை விட்டுப் பின்னால் போவதாக நினைத்து, அப்பாவின் கைலியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கம்பித் தடுப்பின் அருகே என்னைத் தூக்கிக் காட்டினார். தண்ணீரில் வெள்ளைக் குடைகளைப் போல ஜெல்லி மீன்கள் மிதந்து போயின. அவற்றைத் தொட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகும் என்று சொல்லி அப்பா அவற்றைச் 'சொறி' என்றார். சற்று நேரத்தில் செம்பருந்து ஒன்று தலைக்கு மேலே வட்டமிட, அம்மாவும் சுற்றி நின்ற பெண்களும் 'கருடன், கருடன்' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இந்த நீரிணையில் செம்பருந்து இல்லாத நாளே இல்லை என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு அது முருகனே அனுப்பி வைத்த பறவையாக இருந்தது.

அந்தப் பயணத்திலிருந்து இன்றுவரை என்னை விடாமல் வந்த ஒரு வியப்பு, அந்தக் கப்பலுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று எதுவும் கிடையாது என்பது. இரண்டு முனைகளும் ஒரே மாதிரி இருக்கும். வாகனங்கள் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கும். கப்பல் திரும்பவே தேவையில்லை. பட்டர்வொர்த்தில் முன்பக்கமாக இருந்தது ஜார்ஜ் டவுனில் பின்பக்கமாகிவிடும். குறுகிய நீரிணையில், பெரிய கப்பல்கள் குறுக்கே போய்வரும் வழியில், ஒவ்வொரு தடவையும் கப்பலைத் திருப்பிக்கொண்டிருந்தால் நேரமும் போகும், ஆபத்தும் கூடும் என்பதால் அப்படிக் கட்டினார்கள். துறையில் கரையையும் கப்பலையும் இணைக்கும் ஏற்றப்பாலமும் நிலையாக நிற்பதில்லை. கடல் மட்டம் ஏறும்போது உயர்ந்தும் வற்றும்போது தாழ்ந்தும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காரின் சக்கரம்கூட மேலே ஏறாது. நீர் நன்றாக வற்றிய வேளையில் அந்தப் பாலம் சரிந்து நிற்பதையும், மோட்டார் சைக்கிள்காரர்கள் இரண்டு கால்களையும் ஊன்றிக்கொண்டு மெல்ல இறங்குவதையும் பார்த்தே எங்களில் பலர் அன்றைய கடலின் நிலையைத் தெரிந்துகொள்வோம். கப்பல் துறையைத் தொடும்போது மரத்தூண்களில் உராய்ந்து ஒரு நீண்ட முனகல் எழும். உறங்கிக்கொண்டிருப்பவர்கள் அந்த ஓசைக்குத்தான் எழுந்து பையைத் தோளில் மாட்டுவார்கள்.

ஒழுங்கான ஃபெரி சேவை 1894-இல், குவா பெங் கீ என்னும் சீன வணிகரின் முயற்சியில் தொடங்கியது என்பது பதிவான வரலாறு. அதே 1894-ஆம் ஆண்டில்தான் நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் காரைக்குடியில் செய்த வெள்ளி ரதத்தைக் கப்பலேற்றிப் பினாங்குக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் தைப்பூசத்துக்கு முதல் நாள் முருகன் ஊர்வலம் வருவது அந்த ரதத்தில்தான். அந்த ஆண்டு ஒத்துப்போனது தற்செயல்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், வெள்ளி ரதம் தீவில் இறங்கிய அதே ஆண்டில் இக்கரைத் தோட்டத்து மக்கள் அதைப் பார்க்க வருவதற்கான வழியும் பிறந்தது என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு மனநிறைவு உண்டு. 1924-இல் சேவை துறைமுக வாரியத்தின் கைக்குப் போனது. அதையடுத்து மோட்டார் வாகனங்களும் கப்பலேறத் தொடங்கின.

தீவில் இறங்கியதும் கடற்கரைச் சாலையில் ஒரு மணிக்கூண்டுக் கட்டடம் தெரியும். இன்று சுங்கத்துறை இயங்கும் அந்தக் கட்டடம் 1907-இல் இரயில் நிலையமாகக் கட்டப்பட்டது. அங்கே தண்டவாளம் இருந்ததே இல்லை. பயணிகள் அங்கே சீட்டு வாங்கி, இரயில்வேயின் படகிலேறி இக்கரைக்கு வந்து, இங்கே நிற்கும் வண்டியில் ஏறுவார்கள். இரயில் நிலையத்தின் நடைமேடைக்கும் இரயிலுக்கும் நடுவே ஒரு கடலே கிடந்தது என்றால், படகு இந்த ஊருக்கு என்னவாக இருந்தது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. தீவிலிருந்து நிலத்தை நோக்கிப் போகிற எல்லாச் சாலைகளும் கடலின் மீதுதான் தொடங்கின. நகரத்தின் கடலோரத் தெருக்களுக்கு இன்றும் 'காட்' என்னும் ஒட்டு இருக்கிறது. சூலியா தெருக் காட், பசார் தெருக் காட் என்று பலகைகளில் காணலாம். காசியில் கங்கையின் படித்துறைகளைச் சொல்லும் அதே சொல்தான் இது. கடலைத் தூர்த்துப் புதிய கரை அமைத்த பிறகு அந்தத் தெருக்களில் படியும் இல்லை, துறையும் இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது.

என் தாத்தா இந்த நாட்டுக்கு வந்ததும் பினாங்கின் வழியாகத்தான். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் இடம் பிடித்து வந்தவர் அவர். சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்த அந்தக் கப்பல் 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. தாத்தாவையும் உடன் வந்தவர்களையும் நகரத்துக்குள் விடாமல், நீரிணையின் தெற்கே இருக்கும் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் வைத்திருந்து, அதன் பிறகு இக்கரைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். "பினாங்கு பினாங்குன்னு கேட்டுட்டு வந்தேன், மூணு வருசம் கழிச்சுத்தான் பினாங்கையே பாத்தேன்" என்று அவர் சொல்லுவார். அவருடைய முதல் தைப்பூசமும் அவருடைய முதல் ஃபெரிப் பயணமும் ஒரே நாளில் நடந்தன. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கும் அது அப்படியே அமைந்தது. வானம் தெளிந்த நாளில் கப்பலின் வடக்குப் பக்கம் நின்றால் தூரத்தில் நீலமாக ஒரு மலை தெரியும். கெடாவில் உள்ள ஜெராய் மலை அது. இராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பேசும் கல்வெட்டுகளில் வரும் கடாரம் அந்தப் பக்கம்தான் என்று பள்ளியில் எங்கள் ஆசிரியர் சொன்ன அடுத்த தைப்பூசத்தில், கப்பலில் இருந்த எல்லாத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அந்த மலையைக் காட்டி நான் பாடம் நடத்தினேன்.

ஆனால் இந்த நீரிணையைக் கடப்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி வாய்க்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனின் மீது குண்டு வீசின; கூட்டம் நிறைந்த தெருக்களில் மக்கள் பெரும் எண்ணிக்கையில் மாண்டார்கள். சில நாள்களில் ஆங்கிலேய நிர்வாகம் தீவைக் கைவிட முடிவெடுத்து, இரவோடு இரவாக ஐரோப்பியர்களை மட்டும் படகுகளில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவந்து இரயிலில் தெற்கே அனுப்பியது. ஃபெரிகளை ஓட்ட ஆளில்லாத நிலையில், சில நாள்களுக்கு முன் மூழ்கடிக்கப்பட்ட 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' போர்க்கப்பல்களில் உயிர் தப்பிய மாலுமிகளைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் கரையில் விடப்பட்டார்கள். அந்த வெறுமையில் நகரத்தின் பொறுப்பைத் தாமே தலையில் ஏற்றுக்கொண்டவர்களில் முன்னின்றவர், அங்கே பத்திரிகை ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் அவர்தான். நகரத்தில் படை எதுவும் இல்லை, இனிக் குண்டு போட வேண்டாம் என்று வானொலியில் அறிவித்ததும் அவரே. கப்பல் கரையை நெருங்கும்போது அந்தக் கோட்டையின் பக்கம் பார்வை போகும்போதெல்லாம், படகில் இடம் கிடைக்காதவர்களின் கூட்டத்தை நான் நினைத்துக்கொள்வேன். சில்லறைக் காசு வைத்திருக்கும் யாரும் ஏறலாம் என்ற நிலையைத்தான் ஒரு ஃபெரியின் முதல் அறமாக நான் எண்ணுகிறேன்.

1985-இல் பாலம் திறக்கப்பட்டது. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தைப் பற்றி எங்களுக்கு அப்போது இருந்த பெருமையை மறைக்க விரும்பவில்லை. தோட்டத்திலிருந்து வாடகைக்குப் பேருந்து பிடித்து, பாலத்தைப் பார்ப்பதற்காகவே போய் வந்தோம். அதுவரை பண்டிகை நாள்களில் ஃபெரிக்காகக் கார்களும் லாரிகளும் நீண்ட வரிசையில் மணிக்கணக்காகக் காத்துக்கிடக்கும். பாலம் வந்த பிறகு அந்த வரிசை கரைந்துபோனது. 2014-இல் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலமும் தெற்கே வந்தது. இரண்டு பாலங்களும் தேவைப்பட்டவை, மாநிலத்தின் வளர்ச்சிக்குக் காரணமானவை. ஆனால் பாலத்தில் நடந்து போக முடியாது. கார் இல்லாதவருக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாதவருக்கும் பாலம் என்பது தூரத்தில் தெரியும் ஒரு கோடு மட்டுமே. மறுகரையில் வேலை செய்யும் சலவைத் தொழிலாளிக்கும் மருத்துவமனைத் தாதிக்கும் பள்ளி மாணவனுக்கும் பழைய கப்பல்தான் மிஞ்சியது.

1988 ஜூலை 31-ஆம் நாளைத் தவிர்த்துவிட்டு இந்தக் கப்பலைப் பற்றி எழுத முடியாது. அன்று தீவில் சீனர்களின் குவான் யின் விழாவும், பெருநிலத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவும் ஒன்றாக அமைந்தன. இரு பக்கமும் போகிறவர்கள் பட்டர்வொர்த் துறையில் திரண்டிருந்தபோது, மாலையில், கூட்டத்தின் கனம் தாங்காமல் பயணியர் மேடை இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். 1,634 பேர் காயமடைந்தார்கள். எங்கள் தோட்டத்தைச் சேர்ந்தவர்கள் யாரும் அன்று அங்கே இல்லை. ஆயினும் வானொலியில் செய்தி கேட்ட இரவில் லயத்தில் ஒரு வீட்டிலும் விளக்கணையவில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு அம்மா ஃபெரியேற மறுத்துவிட்டார். அதற்கும் அடுத்த ஆண்டு, "மேடைதானே விழுந்துச்சு, கப்பல் என்ன பண்ணுச்சு" என்று தானாகவே சொல்லிவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தார்.

படிப்பு முடிந்து எனக்கு ஜார்ஜ் டவுனில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது, ஆண்டுக்கொரு முறை இருந்த கடல் நாளுக்கு இருமுறை ஆனது. இருபத்திரண்டு ஆண்டுகள் அப்படிப் போய் வந்தேன். காலை ஆறரைக்கெல்லாம் துறையில் இருப்பேன். கட்டணம் பட்டர்வொர்த்தில் மட்டும்தான். கடைசியில் அது 1 வெள்ளி (ரிங்கிட்) 20 காசாக இருந்தது. தீவிலிருந்து திரும்பும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. போக வரச் சேர்த்து ஒரே தடவை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடுதான் அது. ஆனாலும் மாதக் கடைசியில் பையில் எதுவும் இல்லாத மாலை வேளைகளில், வீட்டுக்குத் திரும்பக் காசு வேண்டியதில்லை என்பது தந்த நிம்மதியை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

இருபது நிமிடம் என்பது விசித்திரமான அளவு. ஒரு வேலையைத் தொடங்குவதற்குப் போதாது. பேசாமல் உட்கார்ந்திருப்பதற்கு நீளம். ஆகையால் பேசினோம். சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடையில் வேலை செய்த ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர், தையற்கடை வைத்திருந்த சீன அம்மையார், பொது மருத்துவமனைக்குப் போகும் இரண்டு மலாய்த் தாதியர், நான் என்று ஒரு பலகை முழுக்க எங்களுக்கென்றே ஆகிவிட்டது. அந்தப் பெரியவர்தான், கிங் தெருவுக்குப் பழைய ஆட்கள் வைத்த பெயர் படகுக்காரத் தெரு என்பதைச் சொன்னவர். நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கித் தோணியில் கரைக்குக் கொண்டுவந்த தமிழர்கள் குடியிருந்த தெரு அது. அவருடைய பாட்டனார், காவடியைப் போலத் தோளில் ஒரு கழியை வைத்து, ஒரு பக்கம் சோற்றுப் பானையும் மறுபக்கம் குழம்புச் சட்டியும் தொங்கவிட்டு, துறைமுகக் கூலியாட்களுக்குச் சோறு விற்றவராம். இன்று ஊரே பெருமையோடு சொல்லும் 'நாசி கண்டார்' அப்படித்தான் பிறந்தது. 'கண்டார்' என்பது அந்தத் தோள்கழியைக் குறிக்கும் சொல். ஒரு நகரத்தின் வரலாற்றை நான் அதன் அருங்காட்சியகத்தில் கற்றுக்கொண்டதைவிட அந்தப் பலகையில் கற்றுக்கொண்டது அதிகம். எல்லாருடைய வீட்டுத் திருமணத்துக்கும் நான் போயிருக்கிறேன். தையற்கடை அம்மையார் இறந்தபோது, அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு வாரம் யாரும் உட்காரவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கியது. கப்பல்களுக்கு வயதாகிவிட்டது. தீவுகளின் பெயர்களையே தாங்கி நின்ற புலாவ் ரிமாவ், புலாவ் உண்டான், புலாவ் அங்சா, புலாவ் காப்பாஸ் போன்ற கப்பல்களில், இன்று எது ஓடுகிறது, எது பழுதாகிக் கிடக்கிறது என்று காலையில் விசாரித்துக்கொண்டு புறப்படும் நிலை வந்தது. சில நாள்களில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பின்போதுதான் ஒன்று எனக்குப் புரிந்தது. கார்களும் லாரிகளும் இந்தக் கப்பலை நம்பியிருந்தவரை, கப்பல் நின்றால் வணிகர் கேட்பார், அதிகாரி கேட்பார், செய்தித்தாள் கேட்கும். கார்கள் பாலத்துக்குப் போன பிறகு கப்பல் நின்றால், நின்றது நடந்து வந்தவர்களின் கால்கள் மட்டும்தான். ஒரு பொதுச் சேவையை வசதியுள்ளவர்கள் பயன்படுத்துவதை நிறுத்தும்போது, அவர்கள் தங்கள் கார்களோடு சேர்த்துத் தங்கள் குரலையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மிஞ்சியவர்களுக்குக் கோபம் இருக்கும். அதை எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாது. நானும் அப்படித்தான் பேசாமல் நின்றேன். அப்போதே ஒரு கடிதமாவது எழுதியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

2020-ஆம் ஆண்டின் இறுதியோடு கார்களை ஏற்றும் காலம் முடிந்தது. கடைசி நாள்களில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து ஏறினார்கள். பல ஆண்டுகளாகத் துறையின் பக்கமே வராதவர்கள்கூட வந்து படமெடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அன்பு இருந்ததால்தான் வந்தார்கள். இத்தனை பேர் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. 2021 ஜனவரி முதல் நடந்து போகிறவர்களுக்கு விரைவுப் படகு விட்டார்கள். அது வழக்கமான துறையை விட்டு ஸ்வெட்டன்ஹாம் துறையில் கரையேற்றியது. மூடிய படகு, தாழ்ந்த இருக்கைகள், சிறிய சன்னல்கள். கடலைக் கடந்தோம் என்பதைத் தவிரக் கடலோடு வேறு தொடர்பில்லை. அம்மா ஒரே ஒரு முறை அதில் வந்துவிட்டு, இறங்கியதும் "கருடனப் பாக்க முடியலியே" என்றார்.

புதிய கப்பல்கள் 2023 ஆகஸ்ட் 7-ஆம் நாள் ஓடத் தொடங்கின. தெலுக் பகாங், தெலுக் டூயோங், தெலுக் காம்பி, தெலுக் கும்பார் என்று நான்கு. பழையவை தீவுகளின் பெயரைத் தாங்கியிருக்க, இவை பினாங்கின் விரிகுடாக்களின் பெயரைத் தாங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 250 பேர் போகலாம். நடப்பவர்களுக்கும், மிதிவண்டிக்கும், மோட்டார் சைக்கிளுக்கும் மட்டுமே இடம், காருக்கு இல்லை. முதல் மாதம் கட்டணமே வாங்கவில்லை. இப்போது பெரியவர்களுக்கு 2 வெள்ளி. கார் இல்லாத ஃபெரி ஒரு குறைதான் என்று ஊரில் பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடந்து வருகிறவர்களுக்கென்றே நான்கு புதிய கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்துவது சிறிய செய்தியன்று. கார்க்காரர்களின் தயவால் பிழைத்திருந்த சேவை, முதன்முறையாக எங்களுக்காகவே ஓடுகிறது. ஆனால் அதைத் தொடர்ந்து ஓடவைக்க வேண்டுமென்றால், கப்பல் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் கேட்பதற்கு ஆள் இருக்க வேண்டும். அதனால்தான் பணி ஓய்வுக்குப் பிறகும் வாரத்தில் ஒரு நாளாவது நான் அதில் போய் வருகிறேன். கால அட்டவணை மாறினால் குறித்து வைக்கிறேன். தாமதமானால் எழுதிக் கேட்கிறேன். இதுவரை எழுதிய மூன்று கடிதங்களில் இரண்டுக்குப் பதில் வந்தது.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். தம்பி எங்களைத் துறையில் இறக்கிவிட்டுப் போனான். கோலாலம்பூரிலிருந்து வந்த இரயிலில் இறங்கியவர்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடைபாலத்தின் வழியே எங்களோடு வந்தார்கள். இரயிலும் பேருந்தும் ஃபெரியும் இப்போது ஒரே இடத்தில் கூடுகின்றன. நுழைவாயிலில் காசு வாங்குவதில்லை, அட்டையைத் தொட வேண்டும் என்று நான் சொன்னபோது, அம்மா கையிலிருந்த இரண்டு வெள்ளி நோட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார். குளிரூட்டிய கூடத்தில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. பள்ளிச் சீருடையில் சில பிள்ளைகள், வங்காளதேசத்துத் தொழிலாளர் நால்வர், வயதான ஒரு சீனத் தம்பதி, முதுகுப்பையோடு வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். கப்பல் புறப்பட்டதே தெரியவில்லை. பழைய கப்பலின் அதிர்வும் எண்ணெய் வாசமும் இல்லை. பத்து நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில், கொம்தார் கோபுரமும் அதற்கும் பின்னால் பினாங்குக் கொடிமலையும் நெருங்கி வந்துவிட்டன. துறையை ஒட்டி, கடலில் நட்ட கால்களின் மேல் நிற்கும் சீனக் குலத்தாரின் மரவீடுகளில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. "இவ்வளவு சீக்கிரம் வந்துருச்சா" என்று அம்மா கேட்டார். குரலில் மகிழ்ச்சி இருந்ததா, ஏமாற்றம் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மலைமேல் இருக்கும் கோவிலுக்கு 513 படிகள். அம்மா ஏறவில்லை, அடிவாரத்தில் பிள்ளையாரைக் கும்பிட்டு, மேலே பார்த்துக் கையெடுத்தார். பூக்கூடையை ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்து, "முருகனுக்குச் சாத்தச் சொல்லும்மா, செபராங்கிலேருந்து வந்திருக்கோம்னு சொல்லு" என்றார். பிற்பகலில் கடைத்தெருவில் சாப்பிட்டுவிட்டு, ஐந்து மணிக் கூட்டத்தோடு நாங்களும் திரும்பினோம். வேலை முடிந்த களைப்போடு எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஓர் இளம் தாதி, அம்மாவின் முட்டியில் கட்டியிருந்த துணியைப் பார்த்துவிட்டு, வலிக்கிறதா பாட்டி என்று மலாயில் கேட்டாள். அம்மா தமக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில் பதில் சொல்லத் தொடங்கினார். முட்டியில் ஆரம்பித்த பேச்சு அந்தப் பெண்ணின் ஊருக்கும், அவள் தாயாரின் சர்க்கரை நோய்க்கும், அடுத்த மாதம் நடக்கவிருக்கும் அவளது நிச்சயதார்த்தத்துக்கும் போய்ச் சேர்வதற்குள் பட்டர்வொர்த் வந்துவிட்டது. எழுந்து போகும் வழியில் அம்மா அவளிடம், வியாழக்கிழமைகளில் இந்த நேரத்துக் கப்பலில்தான் வருவாயா என்று கேட்டு வைத்துக்கொண்டார்.